பிரிந்த திகதி

மார்க்கம் ரோட்டுப் பிளாசா ஒன்றின் மாடி.
கீழே கொத்துரொட்டி தட்டுகிற சத்தம்.
மேலே எங்கள் கணக்கு.

லோயர் துளசிகா படிவத்தைத் திருப்பி வைக்கிறா.
"பிரிந்த திகதி?"

நவம்பர் ஒன்பது என்கிறார் பிறேமகாந்தன்.
சூட்கேஸ் இரண்டும் வானில் ஏறின நாள்.
ஜனவரி என்கிறேன் நான்.
ஃபர்னஸ் நின்றுபோன இரவு.
அந்தக் குளிரிலும் என் போர்வைக்குள் வராமல்
பேஸ்மன்ற்றில் ஜக்கற்றோடு படுத்தாரே,
அன்று.

இரண்டு திகதிக்கும் நடுவில்
அவருடைய விசா கார்டில் கிடக்கிறது
பதினோராயிரத்து அறுநூறு டொலர்.
என் திகதி வென்றால் அது அவர் தலையில்.
அவருடையது வென்றால் எனக்கும் வந்து இடிக்கும்.
அந்தப் பத்து மாதமும் நாங்கள்
புருஷன் பெண்சாதிதானா என்று
ஒருவரும் கேட்டதில்லை,
இந்தக் கார்டைத் தவிர.

லைன் ஒஃப் கிரெடிட் முப்பத்திரண்டாயிரம்.
மகளின் சாமத்தியச் சடங்கு.
மண்டபம் மட்டும் ஒன்பது. வீடியோ தனி;
இன்னும் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.
"பாதி பாதி" என்கிறா துளசிகா.
பிறகு நிமிராமலே,
"நாங்கள் இங்கே என்ன எழுதினாலும்
பாங்குக்கு அது கணக்கில்லை.
ஒராள் கட்டாட்டில் மற்றவரிட்ட வருவாங்கள்."

ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை,
இரண்டே இரண்டு கையெழுத்து.
அதுதான் அவிழமாட்டேன் என்கிறது.

"வேறு கடன்?"
இல்லை என்று வாயெடுத்தேன்.
இரண்டு பேர் வாயிலும் ஒன்றாய் வந்தது:
"கமலலோஜினி அக்கா."

அவருக்கு வேலை போன மாதம்
பேக்கரி நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்து
கழுவின பால் பையில் சுற்றித் தந்த நாலாயிரம்.
துண்டு எழுதவில்லை. வட்டி பேசவில்லை.
இன்றைக்கும் கோயிலில் கண்டால்
பிள்ளையின் இருமலைத்தான் விசாரிப்பா.

"பேப்பர் இல்லாட்டில் கோர்ட்டில எடுக்கமாட்டினம்."

"அதை நான் கட்டுறன்" என்றார்.
"இல்லை, நான்."
"வேலை போனது எனக்கு."
"வாய்விட்டுக் கேட்டது நான்."
குரல் ஏறியது இருவருக்கும்.
துளசிகா பேனையை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தா,
மணித்தியாலம் முந்நூற்றெண்பது டொலருக்கு.

இறங்கி வந்தால் ஈரப்பனி.
வான் இப்போது அவருக்கு,
அதன் மாதக் கட்டுக்காசோடு.
"ஏறும், விடுறன்."
"வேண்டாம். பிறகு அதை
எந்தப் பக்கத்தில எழுதுறது?"

சிரித்தாரோ தெரியாது, கண்ணாடியில் ஆவி.
நூற்றிரண்டாம் நம்பர் பஸ் வரும்வரை
வானை எடுக்கவில்லை.