அனுமான அளவு

செந்தூல். கார் பட்டறைக்கு மேல்மாடி.
ஏழு பேர், ஒரு ஃபிளாஸ்க் தே ஓ.
கீழே யாரோ டயரைத் தட்டுகிறார்கள்.

என் முறை.
கதையுமில்லை கட்டுரையுமில்லை என்று
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நீட்டினேன்
பன்னிரண்டு லைட் பில்களை.
ஓரங்களில் பென்சிலில் என் வருடம்.

ஏப்ரல், 412 யூனிட்:
ஏர்கோன் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.
ஆகஸ்ட், 97.

யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.
அதற்காகவே அடுத்த வாரமும் வரலாம்.

‘ஜூலை ஏன் வெறுமையா இருக்கு?’
சுகிர்தா பில்லைத் திருப்பிப் பார்த்தாள்.
நினைவில்லை என்றேன்.
இட்டு நிரப்பினால் பொய்யாகிவிடும்.

தவநேசன் பிஸ்கட்டை மென்றுகொண்டே சொன்னான்,
போன வருஷம்வரை மீட்டர் பார்த்தவன்:
‘கேட் பூட்டிக் கிடந்தா
நாங்களா ஒரு நம்பர் போடுவோம்.
பக்கத்துலயே அங்காரான்னு எழுதிடுவோம்.
அனுமானம்.
அது பொய்யில்ல.’

டயர் சத்தம் நின்றிருந்தது.
பென்சிலைக் கேட்டு வாங்கினேன்.

ஜூலை, அங்காரான்:
மழை பெய்திருக்கலாம்.
அவர் பெட்டியைப் படியில் இறக்கியபோது
கனமாக இருக்கிறதே என்று
மறுபக்கத்தை நானே
பிடித்திருக்கலாம்.