வெள்ளை போர்டு வண்டிகள்

பொலிவியாவுக்கென்று சேர்த்த பணம்
குமணனின் சிறுநீரகக் கல்லுக்கும்
அதன் பின்னால் வந்த காய்ச்சலுக்கும் போனது.
மிஞ்சியது விடுப்பு, பதினோரு நாள்.
ஆசையாய் வாங்கிய முதுகுப்பைகள் இரண்டும்
விலை அட்டை கிழிக்காமல் பரண்மேல் கிடந்தன.

"உப்புப் பாலைதானே பார்க்கணும்?
வேதாரண்யத்துக்குப் பஸ் இருக்கு" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
விடிந்து பார்த்தால்
ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான்.

கும்பகோணத்தில் ஒரு விதி போட்டுக்கொண்டோம்:
வெள்ளை போர்டு வண்டி மட்டும்.
எனக்குக் காசில்லாச் சீட்டு, அவனுக்குப் பதினேழு ரூபாய்.
கண்டக்டர் இரண்டையும் என் கையில்தான் கொடுத்தார்,
வீட்டுச் செலவுக்கு யார் பொறுப்பு என்று
பார்த்ததும் தெரிந்ததுபோல.

நீடாமங்கலம் கேட்டில் முக்கால் மணி.
இரண்டு கூட்ஸ், ஒரு தனி இன்ஜின், அப்புறம் ஒன்றுமில்லை.
கேட் மட்டும் மூடியே இருந்தது.
வெள்ளரிப்பிஞ்சு விற்றவள் பைகளைப் பார்த்து
"மலைக்கா?" என்றாள்.
அவள் பார்வை போன மேற்கில்
அறுத்த தாள்தான் வானம் முட்டும் வரைக்கும்.
நாளுக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.
குமணன் குடித்தான்.
குடித்ததற்கு இடம் தேடி
கருவேலம் புதருக்கும் வண்டிக்குமாய் ஓடினான்.

மன்னார்குடி தாண்டியதும்
சக்கரத்தடியில் சாலை திடீரென மெத்தென்றானது.
பிடுங்கிய உளுந்துச் செடியைக் குறுக்கே பரப்பியிருந்தார்கள்.
ஐம்பது பேரும் எங்கள் எடையெல்லாம் போட்டு
முகம் தெரியாத யாருக்கோ
உளுந்து அடித்துக் கொடுத்தோம்.
"காசும் கொடுத்து வேலையும் பார்க்கிறேன்" என்றான் குமணன்.
ஆஸ்பத்திரிக்குப் பிறகு
அவன் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல்.

திருத்துறைப்பூண்டி லாட்ஜில்
என் ஆதாரில் அப்பா பெயர்,
அவனுடையதில் பழைய விலாசம்.
"கல்யாண போட்டோ ஏதும்?"
ஒன்பது வருஷம். நாலு செல்போன்.
தேடித் தேடி
பையின் அடியில் டிஸ்சார்ஜ் சீட்டு அகப்பட்டது:
உடனிருப்பவர் ஜெசிந்தா, உறவு மனைவி.
கோணலாய் என் கையெழுத்து,
இரவு இரண்டரைக்குப் போட்டது.
மேனேஜர் அதை முழுசாய்ப் படித்துவிட்டு
சாவியோடு இன்னொரு தலையணையும் கொடுத்தார்.

அகஸ்தியன்பள்ளியில் இறங்கியபோது உச்சி வெயில்.
வெள்ளையை எதிர்பார்த்து வந்தவளுக்கு
முதலில் கிடைத்தது இளஞ்சிவப்பு,
பாத்திகளில் தேங்கிய நீரில்.
அப்புறம் கீற்று மூடிய குவியல்கள்.
அப்புறம் பலகையால் உப்பை வாரும் ஒருத்தியின் கால்கள்,
கணுக்கால் வரை வெடித்து,
வெடிப்பில் மினுமினுத்து.
குமணன் செல்போனை உயர்த்தினான்,
என்ன தோன்றியதோ, இறக்கிவிட்டான்.

"எந்த ஊருக்குப் போறீங்க?" என்றாள்.
"இங்கேதான் வந்தோம்."
"இங்கேயா?"
பலகையை ஊன்றிக்கொண்டு
சுற்றிலும் மெதுவாய்ப் பார்த்தாள்,
இத்தனை வருஷத்தில்
எதையும் கவனிக்காமல் விட்டோமா என்பதுபோல.
பிறகு தன் பிளாஸ்டிக் குடத்தைக் காட்டினாள்.
எங்கள் பாட்டில் காலியானதை
எப்போது பார்த்தாளோ.
அந்தத் தண்ணீர் லேசாய்க் கரித்தது.
குமணன் நின்றபடி அரை லிட்டர் குடித்தான்.

திரும்பும் வண்டி கரியாப்பட்டினம் அருகே நிற்கிறது.
வாத்துகள்.
ஆயிரமா இரண்டாயிரமா, வயலிலிருந்து வயலுக்கு,
தார்ச்சாலையை ஒரு வரப்பாக மட்டுமே மதித்து.
டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.
குமணன் சீட்டுகளை மடியில் பரப்பி எண்ணுகிறான்.
அவனுக்கு நூற்று நாற்பத்தியிரண்டு ரூபாய்,
எனக்கு ஒன்பது பூஜ்யம்.
தன்னுடையதை ஜன்னலுக்கு வெளியே போடப் போனவன்
போடாமல், என் பூஜ்யங்களோடு சேர்த்து மடிக்கிறான்.
பையில் விலை அட்டை இன்னும் ஆடுகிறது.
விடுப்பு எட்டு நாள் பாக்கி.
வாத்துகள் இன்னும் முடியவில்லை.