புள்ளித் திட்டம் இல்லாத வினா

ஏழாம் பாடவேளை. மழை இன்னும் வரவில்லை,
வாவிப் பக்கம் மட்டும் கறுத்துக் கிடக்கிறது.
சாப்பாட்டுப் பெட்டிக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கிவிட்டு
பலகையில் 2058 என்று எழுதினேன்.
விரல்விட்டு எண்ணினார்கள்.
"டீச்சர், அப்ப நான் எங்க அப்பாவை விடக் கிழவன்!"

வினா இதுதான்:
வாவி நிரம்பிவிட்டது. கடல் ஒரு முழம் உயர்ந்தே நிற்கிறது.
கல்லாற்று முகத்துவாரத்தை வெட்டுவதா, விடுவதா?
விடியுமுன் சொல்லவேண்டும்.

நிதுர்ஷனுக்குப் படுவான்கரை விவசாயி விழுந்தது.
"குடலைப் பயிர் மூணு நாள் தாங்கும், நாலாம் நாள் அழுகும்.
வெட்டுங்க."
மேசையில் அடித்த அடி அவன் தகப்பனுடையது.

கேமவர்ணாவுக்கு மீனவர் சங்கம்.
"இறால் வளர முன்ன கடலுக்குப் போயிரும்.
ரெண்டு நாள் பொறுங்க."
பொறுத்தால் என்ன ஆகும்?
"தெரியாது, டீச்சர்."
அதையும் எழுது என்றேன். பேனையைக் கடித்தாள்,
தெரியாததை எந்தக் கொப்பியில் எழுதுவது என்பதுபோல.

ஹரிசுதன் ஜேசிபி சாரதி.
கடைசி வாங்கிலிருந்து மெதுவாகக் கேட்டான்:
"கடல் உயரமெண்டா
வெட்டின வாயால தண்ணி வெளிய போகுமா,
உள்ள வருமா?"

வகுப்பு என்னைப் பார்த்தது.
என் குறிப்புகளில் முப்பது வருட வெள்ளம் இருந்தது,
ஒவ்வொன்றும் அடி, அங்குலத்தோடு.
எல்லாம் வெளியே போன தண்ணீர்.

அனோஜிதாவின் சீட்டு வெறுமை. நான் எழுத மறந்து மடித்தது.
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
அவள் எழுந்துவிட்டாள்.
"நான் இந்தப் பள்ளிக்கூடம்.
வெட்டினாலும் விட்டாலும்
பாயும் கையுமா என்னட்டத்தானே வருவீங்க?
மேல்மாடிப் படிக்குக் கைபிடி இல்ல.
இருட்டில கிழவனுகள் எப்படி ஏறுவீங்க?"

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.
பிறகு அடிமட்டங்களோடு படிக்கு ஓடினார்கள்.
பத்தொன்பது படிகள். பதினொன்றாவது வெடித்திருக்கிறது.
ஒரு பாய்க்கு எத்தனை சாண் என்று
நிதுர்ஷனும் கேமவர்ணாவும் சண்டை பிடித்தார்கள்.

முகத்துவாரம் பற்றி முடிவெடுக்குமுன் மணி அடித்தது.
அதிபருக்கு ஒரு கடிதம் மட்டும், கைபிடிக்காக,
முப்பத்திரண்டு கையெழுத்தோடு.
ஹரிசுதன் கடைசியாகப் போட்டான்.
அவன் கேள்வி என் கொப்பியில் இருக்கிறது, விடைக்கு இடம் விட்டு.

எட்டாம் பாடவேளை கணிதம்.
விமலேந்திரன் சேர் பலகையைப் பார்த்தார்.
"இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டு. இது எந்தக் கணக்கின்ர விடை?"
"விடை இல்ல சேர்," என்றது யாரோ.
அவர் டஸ்டரை எடுத்தார்,
என்ன நினைத்தாரோ,
பக்கத்தில் கோடு கிழித்து
மிச்ச இடத்தில் எழுதத் தொடங்கினார்.