விளிம்பு

வாகா வாகாவில், பேய்லிஸ் தெருப் பக்கம்,
சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிகள் வந்து முட்டும் மூலையில்
என் கடை. சாவி வெட்டுவேன்,
சப்பாத்துக்குக் குதி அடிப்பேன்,
வென்ற கோப்பைகளில் பெயர் பொறிப்பேன்.

ஏப்ரல் பிறந்தால் பதக்கங்கள் வரும்.
நாடாவில் பூஞ்சணம், முறிந்த ஊசி.
பாட்டன் வாங்கியது வலப்பக்கம்,
தான் வாங்கியது இடப்பக்கம்:
நெஞ்சுக்கும் இங்கே இலக்கணம் உண்டு.

மெர்வ் ஹாடோ மூன்று கொண்டுவந்தார்,
ஒரு காலுறைக்குள் போட்டு.
இரண்டின் விளிம்பில் எண்ணும் பெயரும்
எறும்பு ஊர்ந்த வரிசை.
மூன்றாவது வழுவழு.
கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன்,
எங்கும் தடுக்கவில்லை.
"அதில் என் பெயர். மற்றதில் இருக்கிற மாதிரியே,
அதே எழுத்து."

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காத கேள்விக்குத்தான்
மனிதர் நீளமாய்ப் பதில் சொல்வார்.
வியட்நாம். ரப்பர்த் தோட்டம். மழை.
மழை என்றபோது கண் மேலே போயிற்று;
மேலே டியூப் லைட்.

அந்தப் பார்வையை நான் அறிவேன்.
வில்லவுட் தடுப்பு முகாமில்,
மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி அம்மா,
தொலைபேசிக்குள் மொழிபெயர்ப்பாளர்,
யோகராசாவின் முதுகில் வைத்த சூட்டை
என் முதுகில் வைத்துச் சொன்னேன்.
ஓடியது நான்தான். பயமும் என்னுடையதுதான்.
ஆனால் பயத்துக்குத் தழும்பு கிடையாதே.
சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை அவர்.
"மன்னிக்கவும்" என்றார்,
ஒன்றுமே நடக்காத என் முதுகிடம்.

பொறித்தேன்.
வைர ஊசி இறங்கும்போது
காதுக்குள் நுளம்பு அழும் சத்தம்.
பதினெட்டு டொலர். இருபது தந்து
மிச்சம் வேண்டாமென்றார்.

இருபத்தைந்தாம் திகதி விடியலில்
நானும் போனேன், ஏனென்று தெரியாது.
பனி. எக்காளம். இரண்டு நிமிட மௌனத்துக்குள்
யாரோ ஒரு குழந்தையின் இருமல்.
மூன்றும் இடப்பக்கம் மினுங்க அவர்.
யாரும் பிடிக்கவில்லை, யாரும் விரல் நீட்டவில்லை.
வயதான ஒருத்தி மட்டும் வந்து
கையைப் பற்றிக்கொண்டாள்:
"என் தம்பி கொலின். அங்கே பார்த்திருப்பீர்களோ?"

அவர் வாய் திறந்தது. மூடியது.
"ஒன்பதரை" என்றார்.
அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும்.

திங்கள் காலை, கதவு திறக்குமுன் நின்றார்.
"களஞ்சியத்தில் இருந்தேன்.
பக்கபுன்யால் முகாம், இரண்டு வருஷம்.
போனவனுக்கெல்லாம் சப்பாத்து எடுத்துக் கொடுத்தது நான்.
கொலின் ஒன்பதரை, அகலப் பாதம்.
பார்க்கர் எட்டு. டெஸ்மண்டுக்குப் பன்னிரண்டு,
அளவு கிடைக்காமல் மெல்பேர்னுக்கு எழுதினேன்.
அது வந்து சேர்ந்தபோது
டெஸ்மண்டுக்குத் தேவைப்படவில்லை."

குதி தேய்ந்த ஒரு சோடியைக்
கவுண்டரிலிருந்து ஒதுக்கினேன், அவர் கையூன்ற.

"இதை அழி."
எழுதலாம் மெர்வ், அழிக்க ஏலாது.
அராவலாம்.

அராவினேன்.
ஒரு மயிரிழை சிறுத்தது பதக்கம்.
விழுந்த தூளை விரலால் ஒற்றிப் பார்த்து
காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போனார்.
அதை எடுத்துப் போகவில்லை.

எடுக்க யாரும் வராத சப்பாத்துகளின் தட்டில்
இன்னும் கிடக்கிறது.
நூலில் துண்டு கட்டியிருக்கிறேன்;
பெயர் எழுதும் கோட்டில்
பேனாவை வைத்து வைத்து எடுத்ததில்
ஒரு நீலப் புள்ளி.

பத்து மணிக்கு ஒரு சிறுமி,
நாய்க் கழுத்துக்குப் பித்தளை வில்லை.
பெயர் என்ன?
"மேஜர்."
குட்டி என் காலணியை நக்கிக்கொண்டிருந்தது.
எழுதிக் கொடுத்தேன்.