உடனடி வெளியீட்டுக்கு

பணம் கிடைத்துவிட்டது.
பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது டாலர்.
செவ்வாய்க்கிழமை, பேரிக்காய்ப் பெட்டிகளின் கணக்கு
இரண்டு பெட்டி உதைத்துக்கொண்டிருந்த நேரத்தில்
மின்னஞ்சல் வந்தது.
குழுவில் வேகமாகத் தட்டச்சு செய்கிறவள் நான்.
ஆகவே செயலாளர். ஆகவே
செய்தி அறிக்கையும் என் தலையில்.

மாதிரிப் படிவம் ஒன்று இணைத்திருந்தார்கள்.
அதன் முதல் சொல் 'மகிழ்ச்சியுடன்'.

மகிழ்ச்சியுடன்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, பிப்ரவரியில்
ஷெப்பர்ட்டனுக்கு வடக்கே, கதவில்லாத ரயில் கடவையில்
பழம் பறிக்கப் போனவர்களின் லாரி

அழித்தேன்.
'பெருமையுடன்' போட்டுப் பார்த்தேன்.
அது இன்னும் மோசம்.

லெஸ் பெட்டிஃபர் 'விபத்து' என்று போடச் சொன்னார்.
அவர் அப்பா ரயில்வேயில் இருந்தவர்.
ரொசெட்டா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.
அவள் சித்தப்பா அந்த லாரியில் இருந்தவர்.
'அந்தச் சொல் இருந்தால் என் பெயர் இருக்காது' என்றாள்.
'துயரச் சம்பவம்' என்று யாரோ நடுவில் ஒரு பலகை போட்டார்கள்.
சம்பவம்!
தானே முளைத்து தானே காய்ந்த களை போல.
நான் எழுதியது இரண்டே சொல்:
மணி அடிக்கவில்லை.
இருவரும் மறுக்கவில்லை.

கல்லுக்கு ஒன்பதாயிரத்து இருநூறு.
எழுத்து வெட்ட, எழுத்துக்குப் பதினான்கு.
ஏடா ரீ என்கிற பெண்ணுக்கு
ஆங்கிலத்தில் ஆறெழுத்து: எண்பத்து நான்கு டாலர்.
ஒன்பதாவது ஆளுக்கு நேரே
மருத்துவமனைப் பேரேட்டில் இப்படி இருக்கிறது:
'அல்பேனியர். பெயர் கேட்கவில்லை.'
'பெயர் கேட்கவில்லை' என்று வெட்டுவதற்கு மட்டும்
பன்னிரண்டு எழுத்து, நூற்று அறுபத்தெட்டு.
ஒரு பெயரைவிட
அதைக் கேட்காமல் விட்டதற்கு இரட்டிப்புச் செலவு.
விளக்கக் குறிப்பு என்ற கட்டத்தில்
'நடுகல்' என்று தமிழில் எழுதி
அனுப்பும் முன் எடுத்துவிட்டேன்.

நிபந்தனைகள்:
முதல் பத்தியில் நிதி தந்த துறையின் பெயர்.
இரண்டாவதில் அமைச்சர் சொன்னது
(அவர் இன்னும் சொல்லவில்லை, நானே எழுதி அனுப்ப வேண்டும்).
மொத்தம் இருநூற்றைம்பது சொற்கள்.
வெண்பாவுக்குச் சீர் எண்ணியது போல எண்ணினேன்.
இறந்தவர்கள் கடைசியில் ஒரே வரியில் நெருங்கி நின்றார்கள்,
லாரியில் நின்றது போலவே.

பத்திரிகை ஆசிரியர் கோரின் நல்லவர்.
'இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவேன்,
வருத்தப்படாதே டில்லி' என்றார்.
தில்லைநாயகி இந்த ஊரில் டில்லி.
நானும் மேலிருந்து வெட்டிக்கொண்டவள்தான்.

இரவு பதினொன்றுக்கு
வரிசையைத் தலைகீழாக்கினேன்.
'பெயர் கேட்கப்படாத ஓர் அல்பேனியரும் மற்ற எட்டுப் பேரும்'
என்று தொடங்கி,
எட்டையும் சொல்லி,
அதே வாக்கியத்தின் வாலில்
துறையின் பெயரைக் கட்டித் தொங்கவிட்டேன்.
முதல் பத்திதானே கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது.
மேசையளவு அட்டைக் காசோலையைப் பிடித்தபடி
நாங்கள் நால்வர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி,
சிரிப்பது போலத் தெரிகிறோம்.
அமைச்சர் சொன்னது முழுதாக வெட்டுப்பட்டிருந்தது.
ஒன்பது பேரும் இருந்தார்கள்.

மூன்று அழைப்பு.
திறப்பு விழாவில் சாசேஜ் உண்டா என்று ஒன்று.
அந்த அட்டைக் காசோலையை வங்கியில் வாங்குவார்களா என்று ஒன்று,
குரலைக் கேட்டால் பத்து வயதிருக்கும்.
மூன்றாவது ஆள் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டார்:
'அவருக்கு இடது கையில்
ஒரு விரல் குறைவாக இருந்ததா?'

தெரியவில்லை.
பேரேட்டில் விரல்களுக்குக் கட்டம் இல்லை.
அவர் எண்ணைப் பேரிக்காய்க் கணக்கின் ஓரத்தில் குறித்துக்கொண்டு
கல்தச்சரைக் கூப்பிட்டேன்.

எல்லாம் வெட்டுங்கள்.
ஒன்பதாம் வரியை மட்டும்
வெட்டாமல் வையுங்கள்.