தொடக்க இருப்பு

பழைய விதிப்படி
காசு கைமாறினால்தான் கணக்கு.
அறுபத்து மூன்றில் கட்டிய பாலம்
அந்த ஆண்டே செலவாகி மறைந்தது;
அதன்மேல் லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

இப்போது உலக விதி வந்திருக்கிறது:
உள்ளதையெல்லாம் எழுது, தர வேண்டியதையும்.
நாரின் நகரக் கருவூலத்திலிருந்து சைகால்
அளவு நாடாவோடு ஆற்றில் இறங்குகிறாள்.
விலை?
கட்டிய நாட்டின் நாணயமே இன்றில்லை.
மிச்ச ஆயுள் எவ்வளவு என்கிறது படிவம்.
துருவேறிய ஆணியொன்றைச் சுண்டிப் பார்த்துவிட்டு
நான்கு என்று எழுதி, அடித்து,
மூன்று என்கிறாள்.

குதிரையை நடத்திக்கொண்டு கடப்பவன் கேட்கிறான்:
"எழுதினால் பழுது பார்ப்பார்களா?"

"தெரியாது.
ஆனால் இனிமேல் விழுந்தால்
நட்டம் என்று எழுத வேண்டிவரும்."

குதிரை
பலகை பார்த்துக் கால் வைக்கிறது.