பதினோரு பிக்சல்

மாரிபோரில் பனி. ஹீட்டர் முனகுகிறது,
வொய்கோ தூங்கவில்லை.
பகலெல்லாம் காப்பீட்டுக் கம்பெனிக்குப் படிவம் வரைபவன்
இரவில் செய்த ஸ்லைடர் ஒன்றை
மூலநிரலோடு திறந்து வைத்திருந்தான்,
வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று.
காசில்லை. பெயரை மட்டும் அழிக்காதீர்கள்.

எடுத்தார்கள்.
எத்தனை பேர், எந்த ஊர், தெரியாது.
நன்றி சொல்ல அவன்
பொத்தான் எதுவும் வைத்திருக்கவில்லை.

இன்று ஒரு புகார்:
"ஐஸ்லாந்து. மீன் உறைகூடம்.
உங்கள் குமிழ் ரொம்பச் சின்னது.
கையுறையோடு இழுத்தால்
மைனஸ் பதினெட்டுக்குப் போக வேண்டியது
மைனஸ் எட்டில் நின்றுவிடுகிறது.
இப்படிக்கு, ஸ்டெய்ன்வோர்."

பதினொன்று.
அழகாக இருந்ததால் வைத்த எண்.
அம்புக்குறியை நினைத்திருந்தான்,
விரலை நினைக்கவில்லை. குளிரில் விறைத்த விரலை
நிச்சயமாக இல்லை.

எழுந்து போய்
பனிச்சறுக்குக் கையுறையை மாட்டிக்கொண்டு
மவுஸைப் பிடிக்கிறான்.
தவறுகிறது. மறுபடி தவறுகிறது.
திரையைப் பார்த்து ஸ்லோவேனியனில் ஒரு கெட்ட வார்த்தை.

பதினொன்றை அடித்து நாற்பது.
குமிழ் இப்போது உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது.
பிடிபடுகிறது.

கழற்ற மறந்த கையோடு
மாற்றக் குறிப்பைத் தட்டுகிறான்.
ஒரு விரலுக்கு மூன்று எழுத்து விழுகிறது.
பிழையோடே அனுப்புகிறான்,
ஸ்டெய்ன்வோருக்குப் புரியும்.